கடைவரம்பு வரை

நீரைத் தேடிச் செல்லும் பயணங்கள் இருவகைப்படும். தாகம் தீரச் செல்வது ஒன்று. மனம் குளிரச் செல்வது மற்றொன்று. குமரி மாவட்டத்தில் பிறந்தவர்களுக்கு முதல்வகைப் பயணம் அதிகம் வாய்த்ததில்லை. தலைமாட்டில் மலை, காலடியில் கடல், ஆண்டுக்கு இரண்டு பருவமழை என்று இறைவன் இந்தச் சிறுநிலத்திற்குத் தாராளமாகவே அளந்திருக்கிறான். தண்ணீரையே 'வெள்ளம்' என்று அழைக்கும் மக்கள் நாம். பக்கத்து மாவட்டத்தவர் கேட்டால் வியப்பார்கள். ஒரு குவளை நீரையும் 'கொஞ்சம் வெள்ளம் தாரும்' என்றுதான் கேட்போம். அவ்வளவு நிறைவில் வளர்ந்தவர்களுக்கு நீரைப் பற்றிச் சிந்திக்க வேண்டிய தேவை எளிதில் எழுவதில்லை. சென்ற ஆண்டு ஜூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், இருசக்கர வண்டியில் திற்பரப்பு அருவிக்குச் சென்று திரும்பிய ஒரு பகற்பொழுது, அந்தத் தேவையை நமக்கு உணர்த்தியது.

உடன் வந்தவர் பள்ளி நாள்களிலிருந்து நம்மோடு பழகிவரும் நண்பர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். நாகர்கோவிலுக்குத் தெற்கே, கால்வாய் நீர் கடைசியாக வந்து சேரும் கடைவரம்புப் பகுதியில், அவருக்கு எண்பது சென்ட் நன்செய் உண்டு. தாத்தா உழுத நிலம். சுற்றியிருந்த வயல்கள் ஒவ்வொன்றாகத் தென்னந்தோப்பும் வாழைத்தோட்டமும் வீட்டுமனையுமாக மாறிவிட்டன. நண்பரின் வயலும் அதற்குக் கீழே உள்ள இரண்டு வயல்களும் மட்டுமே இன்னும் நெல் விளைகின்றன. மனை விற்பனைத் தரகர் ஒருவர் சில மாதங்களாக நடையாய் நடந்து, நல்ல விலையும் பேசி, திங்கட்கிழமை முடிவு சொல்லுமாறு கேட்டிருந்தார். மகளுக்குத் திருமணம் நெருங்கிக்கொண்டிருந்தது. நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் கிடைப்பதில்லை. தண்ணீர் வரும் நாளில் வருவதில்லை. விற்றுவிடுவதே அறிவுடைமை என்று வீட்டாரும் உறவினரும் சொன்னார்கள். நண்பருக்கோ உறக்கம் வரவில்லை.

"ஒருநாள் எல்லாவற்றையும் மறந்துவிட்டு அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு வருவோம், வாரும்" என்றார். வண்டி அவருடையது, பதினைந்து வயதான ஸ்பிளெண்டர். ஓட்டுவதும் அவரே. பின்னிருக்கை நமக்கு. காலை ஆறு மணிக்கு மெல்லிய சாரலில் புறப்பட்டோம்.

பேருந்தில் செல்பவனுக்கு வழி என்பது சன்னலுக்கு வெளியே ஓடும் காட்சி. காரில் செல்பவனுக்கு அது கடந்து முடிக்க வேண்டிய தொலைவு. இருசக்கர வண்டியில் செல்பவனுக்கோ வழி உடம்பின் மேலேயே படுகிறது. பார்வதிபுரம் தாண்டியதும் ஈரமண்ணின் வாசம். வில்லுக்குறி அருகே எங்கோ நெல் அவிக்கும் வாசம். வளைவுதோறும் மாறும் குளிர். தலைக்கவசம் அணிந்திருந்ததால் பேச்சு குறைவு. நண்பருக்கு அன்று அதுவே ஆறுதலாக இருந்திருக்க வேண்டும்.

புலியூர்க்குறிச்சியில் சற்று நின்றோம். ஒருபுறம் உதயகிரிக் கோட்டை. 1741-இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டிலனாய், பின்னர் வென்ற மன்னருக்கே படைத்தலைவராகி, 1777-இல் மறைந்து அந்தக் கோட்டைக்குள்ளேயே அடக்கம் பெற்றார். அவரிடம் விவிலியச் செய்தியைக் கேட்டறிந்த நீலகண்ட பிள்ளைதான் 1745-இல் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயமானார். 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்ட அவரை 2022 மே 15-இல் திருச்சபை புனிதராக அறிவித்ததை நாம் அறிவோம். தாகத்தால் வாடிய அவர் முழங்கையால் இடித்தபோது நீர் சுரந்ததாக மரபு போற்றும் பாறை புலியூர்க்குறிச்சியில் இருக்கிறது. மலையிலிருந்து ஆயிரம் ஓடைகளாய் நீர் இறங்கும் நாட்டில், ஒரு கைதிக்குக் குடிக்க ஒரு வாய் நீர் மறுக்கப்பட்டது என்பதே அந்த இடத்தில் நம்மை நிறுத்தி எண்ண வைத்தது. நீர் நிறைய இருப்பது வேறு. அது எல்லாருக்கும் கிடைப்பது வேறு.

தக்கலை, அழகியமண்டபம், வேர்க்கிளம்பி வழியாகத் திருவட்டாறு. ஆறுகள் வளைந்து சூழ்வதால் வந்த பெயர். அங்கிருந்து குலசேகரம் நோக்கிச் செல்லச் செல்ல நிலத்தின் முகமே மாறுகிறது. தென்னை குறைந்து ரப்பர் மரங்கள் அணிவகுத்து நிற்கின்றன. ஒவ்வொரு மரத்திலும் சாய்வாகக் கீறிய பட்டை, அதன் கீழே பாலை ஏந்தும் சிரட்டை. வீட்டு முற்றங்களில் துணி உலர்த்துவது போல ரப்பர் ஷீட்டுகள் தொங்குகின்றன. அவற்றின் புளித்த வாடை முதலில் முகத்தைச் சுளிக்க வைக்கும். நான்கு கிலோமீட்டர் போனால் பழகிவிடும்.

குலசேகரத்தில் ஒரு சிறு கடையில் புட்டும் பயறும் பப்படமும் உண்டோம். பக்கத்து இருக்கையில் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர், நனைந்த துண்டைத் தோளில் போட்டபடி தேநீர் அருந்திக்கொண்டிருந்தார். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. நான்கு நாள்களாக வேலையில்லை என்றார். "அப்படியானால் மழை உங்களுக்குப் பகைதான்" என்றார் நண்பர். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "அப்பிடிச் சொல்ல ஒக்குமா சாரே? எனக்கு வெட்டில்லண்ணு மழை வேண்டாம்ணு சொன்னா, கீழ வயலுக்காரனுக்கு வெள்ளம் எங்கேருந்து வரும்?" எந்த வயலுக்காரனையும் அவர் பார்த்திருக்க மாட்டார். ஆயினும் தமது இழப்பின் மறுபுறத்தில் யாரோ ஒருவர் நிற்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நண்பர் தமது தேநீருக்கு மட்டுமன்றி அவருடைய தேநீருக்கும் காசு கொடுத்தார். வேறொன்றும் பேசவில்லை.

அருவிக்குச் செல்லும் முன் அணையைப் பார்த்துவிடலாம் என்று வண்டியைப் பேச்சிப்பாறைப் பக்கம் திருப்பினோம். பேச்சிப்பாறை நிறைந்தால் 48 அடி. பெருஞ்சாணி நிறைந்தால் 77 அடி. இவ்விரு எண்களும் குமரி மாவட்டத்து உழவர்களுக்கு மனப்பாடம். காலைச் செய்தித்தாளை விரித்ததும் அவர்கள் முதலில் தேடுவது அணைகளின் நீர்மட்டத்தைத்தான். நண்பரும் அப்படித்தான். ஆனால் நாற்பது ஆண்டுகளாக எண்ணாகப் படித்துவந்த நீரை அவர் நேரில் கண்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

மலைகளுக்கு நடுவே அசையாமல் கிடந்தது அந்த நீர். மேலே மின்நிலையங்களின் சுழலிகளைச் சுழற்றிவிட்டு வந்து இங்கே இளைப்பாறுகிறது. தொலைவில் ஒரு படகு; மலைக்குடியிருப்புகளில் வாழும் காணி மக்கள் வாழைக்குலைகளோடு இக்கரைக்கு வந்துகொண்டிருந்தார்கள். திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில் 1897-இல் தொடங்கி 1906-இல் முடிக்கப்பட்ட அணை இது. கட்டியவர் மிஞ்சின் என்ற ஆங்கிலப் பொறியாளர். அணை முடிந்து ஏழாண்டுகளில், 1913-இல், அவர் மறைந்தார். அவருடைய கல்லறை அணையின் அருகிலேயே இருக்கிறது.

அந்தக் கல்லறை முன் சிறிது நேரம் நின்றோம். எங்கோ பிறந்தவர், இந்த மண்ணில் ஒரு சென்ட் நெல் விதைக்காதவர். தமது காலத்துக்குப் பின் நூறு ஆண்டுகள் கடந்தும் தமக்கு முகமறியாத மனிதர்களின் அடுப்பில் சோறு பொங்க வழிசெய்துவிட்டுப் போயிருக்கிறார். அவரோடு கல் சுமந்தும் மண் வெட்டியும் உழைத்தவர்களின் பெயர்களை எந்தக் கல்லும் தாங்கி நிற்கவில்லை. "என் தாத்தாவின் தகப்பனார் காலத்தில் எங்கள் வயல் குளத்தை நம்பி ஒரு பூ விளைந்ததாம், இந்த அணை வந்த பிறகுதான் கன்னிப்பூவும் கும்பப்பூவுமாக இரண்டு பூ ஆனது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்" என்றார் நண்பர். வயலைப் பற்றி அன்று அவர் முதன்முதலாகத் திறந்து பேசியது அப்போதுதான்.

திற்பரப்பை அடைந்தபோது மணி பத்தரை. வண்டி நிறுத்துமிடத்திலேயே அருவியின் இரைச்சல் வரவேற்றது. கோதையாறு இங்கே பரந்த பாறைப் படுகையின் மேல் தவழ்ந்து வந்து, ஏறத்தாழ 50 அடி உயரத்திலிருந்து அகன்று விழுகிறது. குற்றாலத்துப் பேரருவி போலச் செங்குத்தாக நிமிர்ந்து நின்று மிரட்டுவதில்லை. பல கிளைகளாகப் பிரிந்து, படிப்படியாய்ப் பாறை தழுவி இறங்குகிறது. கரையில் பழமையான மகாதேவர் ஆலயம். சிவராத்திரி நாளில் அடியார்கள் 'கோவிந்தா, கோபாலா' என்று முழங்கியபடி ஓடிச்சென்று வழிபடும் பன்னிரு சிவாலயங்களுள் ஒன்று. பேச்சிப்பாறையில் உபரிநீரைத் திறந்தால் அருவியில் வெள்ளம் பெருகும், குளிக்கத் தடைவிதிப்பார்கள். அன்று அளவான நீர். இறங்கத் தடையில்லை.

அருவியில் குளிப்பது பற்றி எவ்வளவு எழுதினாலும் குளிக்காதவருக்குப் புரியாது. குளித்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் உச்சந்தலையில் கனமான கைகள் பல அறைவது போன்ற அச்சம். மூச்சு ஒரு கணம் நின்றுபோகிறது. பிறகு தோள்கள் தாமாகத் தளர்கின்றன. செவிகளில் அந்த ஓசையன்றி வேறெதுவும் இல்லை. கடன், வழக்கு, மருத்துவரின் சீட்டு, திங்கட்கிழமை எதுவும் அந்த ஓசைக்குள் நுழைய முடிவதில்லை. எங்களுக்கு அருகில் எண்பது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவரை அவருடைய மகன்கள் இருவர் இருபுறமும் தாங்கிப் பிடித்து நீரின் கீழ் நிறுத்தினார்கள். அவர் பல்லில்லாத வாயைத் திறந்து குழந்தை போலச் சிரித்தார். கேரளத்திலிருந்து வந்த குடும்பங்கள், கல்லூரி மாணவர்கள், தலையில் எண்ணெய் வழிய நிற்கும் வேலையாட்கள் என்று எல்லாரையும் நீர் ஒரே விதமாக அறைந்தது. யார், எந்த ஊர், எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று அது கேட்கவில்லை.

குளித்து முடித்துக் கரையோரப் பாறையில் துவட்டிக்கொண்டிருந்தோம். அங்கே அருவியிலிருந்து சிதறிய நீர் பாறை இடுக்குகளில் சிறு வாய்க்கால்களாய் ஓடிக்கொண்டிருந்தது. ஏழெட்டு வயதுச் சிறுவன் ஒருவன் கூழாங்கற்களையும் இலைகளையும் கொண்டு ஒரு வாய்க்காலை அடைத்து, தேங்கிய நீரில் காகிதக் கப்பல் விட்டான். சில அடிகள் கீழே வேறொரு சிறுவன் தன் கப்பலோடு குந்தியிருந்தான். அவன் பக்கம் பாறை உலர்ந்தது, கப்பல் தரைதட்டியது. "அண்ணே, வெள்ளத்த விடு!" என்று கத்தினான். மேலே இருந்தவனுக்கு அருவி இரைச்சலில் அது கேட்கவில்லை. தன் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தான். சிறியவன் எழுந்து வந்து கற்களைக் காலால் தட்டிவிட்டான். சிறிது சண்டை, பிறகு இருவரும் சேர்ந்து கீழே ஓடினார்கள்.

நாம் சிரித்தோம். நண்பர் சிரிக்கவில்லை. துண்டைப் பிழிந்தபடி அவர் சொன்னது இது: "தரகர் நிலத்தின் விலையைத்தான் பேசுகிறார். என் வயலுக்குக் கீழே இரண்டு வயல்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றுக்குத் தனி ஓடை கிடையாது. என் வயலில் பாய்ந்து, என் மடை வழியாகத்தான் அவற்றுக்குத் தண்ணீர் போக வேண்டும். நான் மண்ணடித்து நிரப்பினால் அந்த இரண்டும் தாமாகவே செத்துவிடும். அதில் ஒன்று கணவனை இழந்த ஒரு அக்காவுடையது. தாமே வரப்பு வெட்டுவார்கள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், 'உனக்கு மேலே இருந்தவர்கள் உன்னை எண்ணினார்களா?' என்று கேட்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை."

நமக்கும் உடனே பதில் தோன்றவில்லை. ஆறுதலாகச் சில சொற்கள் சொல்வது எளிது. ஆனால் மகளின் திருமணச் செலவு சொற்களால் தீராது. விற்காதீர் என்று அறிவுரை கூறும் தகுதி, அந்த எண்பது சென்ட் நிலத்தில் ஒரு நாள்கூட வெயில் தாங்காத நமக்கு இல்லை. வயலைக் காப்பாற்றச் சொல்லும் நகரவாசிகள் பலர், நிரப்பப்பட்ட வயல்களின் மேல் கட்டிய வீடுகளில் அமர்ந்தே அதைச் சொல்கிறோம். ஆகவே பேசாதிருந்தோம். அருவி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

வெளியே மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கிடைத்தன. குளித்த பசிக்கு அமுதமாய் இருந்தது. மதியம் சாய்ந்த பிறகு திருவட்டாறு வழியாக மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குச் சென்றோம்.

இரண்டு மலைமுகடுகளுக்கு இடையே, கீழே பறளியாறு ஓட, நூறடிக்கும் மேலான உயரத்தில், 28 தூண்களின் மேல், ஏறத்தாழ 384 மீட்டர் நீளத்துக்கு ஒரு தொட்டி நிற்கிறது. பட்டணங்கால் கால்வாயின் நீர் அதில் ஒரு முகட்டிலிருந்து மறுமுகட்டுக்குச் செல்கிறது. காமராசரின் முயற்சியால் உருவாகி 1966-இல் கட்டிமுடிக்கப்பட்டது. தொட்டியை ஒட்டிய நடைபாதையில் நடந்தோம். கீழே தென்னையின் தலைகள் பச்சைக் கடலாய் அசைந்தன. கைப்பிடிச் சுவரின் மறுபுறம் நீர் சத்தமின்றி ஓடிக்கொண்டிருந்தது.

காலையில் கண்ட நீர் ஆர்ப்பரித்தது. எல்லாரும் அதைக் காண வந்திருந்தார்கள். இந்த நீரை யாரும் காண வரவில்லை. வந்தவர்கள் பாலத்தையும் பள்ளத்தாக்கையும் படம்பிடித்தார்கள். ஆனால் பிழைப்பைத் தருவது இதுதான். அருவி மகிழ்விக்கிறது, வாய்க்கால் வாழவைக்கிறது. தான் கடக்கும் பள்ளத்தாக்குக்கு ஒரு சொட்டும் சிந்தாமல், அப்பால் காத்திருக்கும் வயல்களுக்கு முழுவதையும் கொண்டுசேர்ப்பதே அந்தத் தொட்டியின் பணி. ஒரு தூண் தனக்கு இவ்வளவு போதும் என்று விலகினாலும், அப்பால் உள்ள ஊர்களெல்லாம் காயும். நண்பர் பாலத்தின் நடுவில் நின்று, ஓடும் நீரை வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

மாலை ஆறு மணிக்கு நாகர்கோவில் திரும்பினோம். அன்று அவர் எதையும் முடிவு செய்ததாகச் சொல்லவில்லை. பின்னர் நடந்ததை இரண்டு வாரங்கள் கழித்தே அறிந்தோம். திங்கட்கிழமை தரகர் வந்தபோது, சாலையை ஒட்டித் தென்னை நின்ற வேறொரு இருபது சென்ட் புன்செய் நிலத்தை மட்டும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வயலைத் தர மறுத்துவிட்டார். கிடைத்த தொகை எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை. மீதிக்கு வங்கியில் கடன். திருமணம் எளிமையாக நடந்தது. உறவினர் சிலர் அதைக் குறையாகப் பேசவும் செய்தார்கள். செப்டம்பரில் கன்னிப்பூ அறுவடையானது. இலாபம் என்று சொல்ல ஒன்றுமில்லை, நட்டமும் இல்லை. "எனக்குப் பிறகு பிள்ளைகள் என்ன செய்வார்களோ, அது என் கையில் இல்லை. நான் இருக்கும்வரை மடை திறந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

அன்பர்களே, இதைப் பெருந்தியாகம் என்று புகழ நாம் விரும்பவில்லை, அவரும் விரும்பமாட்டார். தம் வயலுக்கு மேலே இருந்தவர்கள் எண்ணாததைத் தாம் எண்ணினார், அவ்வளவே. நிலத்துக்குப் பட்டா உண்டு; அதன் வழியே ஓடும் நீருக்கு யாரும் பட்டா போட முடியாது. நம்மிடம் வந்து சேரும் நன்மைகள் பலவும் அப்படிப்பட்டவையே. கல்வி, வேலை, பெற்றோர் சேர்த்துவைத்த நற்பெயர், யாரோ செய்த உதவி என்று எத்தனையோ மேலிருந்து பாய்ந்து நம் வயலை நனைக்கின்றன. அவை நம்மோடு நிற்க வேண்டியவை என்று எண்ணி வரப்பை உயர்த்திக் கொள்கிறோம். நமக்குக் கீழே ஒரு வயல் இருப்பதையே மறந்துவிடுகிறோம்.

விடுமுறை நாளில் அருவிக்குச் செல்லுங்கள். தலையைக் கொடுத்து நன்றாகக் குளியுங்கள். உடலுக்கும் உள்ளத்துக்கும் அதைவிட நல்ல மருந்து குறைவு. திரும்பும் வழியில் எங்கேனும் ஒரு வாய்க்கால் கண்ணில் பட்டால் வண்டியை நிறுத்தி, அது எதுவரை போகிறது என்று ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள்.